வாய் மட்டும் அறிந்த பாடம்

நஸீமாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதுமே வயலட் டீச்சரின் வாய்க்குள் நாக்கு புரண்டு கொடுத்தது. அவளைக் கேட்காமல், அவளுக்கு முன்பே அது தயாராகிவிட்டது. பிகின், பிகேன், பிகன். உதடு இன்னும் திறக்கவில்லை. தண்ணீர் வருவதற்கு முன் குழாயில் காற்று உறுமுமே, அப்படி உள்ளே அந்த மூன்று ஆங்கிலச் சொற்களும் உறுமின. வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று அவள் அதனிடம் சொன்னாள். இப்படிச் சொல்வதெல்லாம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது. மண்டைக்குள் ஒரு பிசிறும் இல்லை. தான் சாய்ந்திருக்கும் பிரம்பு நாற்காலி, மடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பண்டம் போலக் கிடக்கும் வலது கை, எதிர்வீட்டு மாடியில் நனைந்துகொண்டே காயும் பச்சைப் பாவாடை, அடுப்படியில் முப்புடாதி தேங்காய் துருவும் கரகரப்பு, எல்லாவற்றுக்கும் உள்ளே பெயர் இருக்கிறது, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இரண்டும் பளிச்சென்று. அதை எடுத்துக்கொண்டு வாய்வரைக்கும் வருகிறாள். அங்கே வேறு யாரோ நின்றுகொண்டு, அவள் கொண்டுவந்ததை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, தன்னிடம் இருப்பதை வெளியே நீட்டுகிறார்கள். பங்குனியில் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தாள். இப்போது ஐப்பசி மழை பாளையங்கோட்டைத் தெருக்களில் தேங்கி நிற்கிறது. இத்தனை நாளில் தன்னுடையதென்று ஒரு சொல்லைக்கூட அவளால் வெளியே அனுப்ப முடியவில்லை. இன்று அனுப்பியாக வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மகன் ஜெயசிங் புனேயிலிருந்து கூப்பிடுவான், போனில் அவள் முகத்தைப் பார்ப்பான், கேட்பான். போன வாரம் அவன் நஸீமாவிடம் சொன்னது அவள் காதுபடத்தான். எல்லாரும் இப்போது அவள் காதுபடத்தான் பேசுகிறார்கள். வாய் போனால் காதும் போய்விடும் என்று நினைப்பு. "அந்தப் பாடமெல்லாம் வேண்டாம் சிஸ்டர். மனசுல உள்ள ஒரே ஒரு விஷயத்தை அவங்களா சொல்லணும், பக்கத்துல இருக்கவங்களுக்கு அது புரியணும். அது போதும், நான் அவங்க வீட்டுலயே விட்டுடுதேன். இல்லைன்னா சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுதேன்." எவ்வளவு நியாயமாகப் பேசுகிறான். கணக்கு வாத்தியாருக்குப் பிறந்திருக்க வேண்டியவன்.

புனே. ஒருமுறை போயிருக்கிறாள், கணவர் இறந்த வருஷம். மேலே மேலே போகும் லிஃப்டில் நான்கு பக்கமும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வெள்ளைப் புடவைக்காரி. ஜன்னல்கள் ஒரு சாண் மட்டுமே திறக்கும். யாரும் விழுந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்களாம். மருமகள் நல்ல பெண், அதைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் பழம் வெட்டி மூடி வைத்துவிட்டுப் போவாள். பிறகு மாலைவரை அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் அவ்வப்போது பேசும். அப்போது அவளுக்கு வாய் இருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டே மூச்சு முட்டியது. இனி அங்கே போனால், இந்தி மட்டும் தெரிந்த ஒரு பெண் வந்து தலை வாரிவிடுவாள், வாயைத் துடைத்துவிடுவாள்; பூட்டிய வாய்க்குள் அவள், பூட்டிய வீட்டுக்குள் வாய், மேகத்துக்குள் வீடு. பெட்டிக்குள் பெட்டி வைத்து விற்பார்களே கண்காட்சியில், திறக்கத் திறக்கச் சின்னதாகிக்கொண்டே போய் கடைசிப் பெட்டிக்குள் ஒன்றுமே இருக்காது. "டீச்சர், அந்தப் பிள்ள வந்துட்டு" என்று முப்புடாதி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, சாய்ந்துபோன அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தி, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். தேங்காய் வாசனை. இந்தக் கை இல்லாமல் தன்னால் எழுந்து நிற்கக்கூட முடியாது என்று டீச்சருக்குத் தெரியும், இந்தக் கை மட்டும் போதாது என்று மகனுக்குத் தெரியும். இரண்டுமே சரிதான். அதுதான் தொல்லை.

நஸீமா மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கம்பியில் போட்டுவிட்டு, நனைந்த செருப்பை ஓரமாக விட்டு வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், பேச்சுப் பயிற்சிக்குப் படித்தவள், கண்ணில் இன்னும் கல்லூரி இருக்கிறது. முதல் நாள் சாவி, டம்ளர், சீப்பு என்று படங்களைக் காட்டிக் காட்டிப் பார்த்தவள் அவள்தான். சீப்பைப் பார்த்ததும் டீச்சருக்கு சீப்பு என்று தெரிந்தது, அதன் பல்லில் சிக்கும் முடிகூடத் தெரிந்தது, வாயிலிருந்து வந்ததோ ஒரு காற்று. நஸீமா சோர்ந்துபோய், பேச்சோடு பேச்சாக, டீச்சர் என்ன பாடம் எடுத்தாங்க என்று முப்புடாதியிடம் கேட்டாள். இங்கிலீஷ் என்றாள் முப்புடாதி. சும்மா ஒரு ஆசைக்கு நஸீமா குனிந்து "கோ" என்றாள். "வென்ட், கான்" என்றது டீச்சரின் வாய். அறையே திடுக்கிட்டது. டீச்சரும்தான். "டேக்?" "டுக், டேக்கன்." "ரைட்?" "ரோட், ரிட்டன்." பிறகு நிறுத்த முடியவில்லை. வருஷக்கணக்கில் எட்டாம் வகுப்புப் பெண்கள், காலைப் பிரார்த்தனை முடிந்து முதல் மணிக்கு, இரட்டைப் பின்னல் ஆட ஆட, மேஜையில் தாளம் தட்டி ராகம் போட்டுப் பாடிய அந்த வினைச்சொல் வரிசை, அகர வரிசையில் பிகின் முதல் ரைட் வரைக்கும், தானாகக் கொட்டியது. முப்புடாதி அழுதாள். நஸீமா போனில் பிடித்து மகனுக்கு அனுப்பினாள். அந்த ஞாயிறே வேதக்கோயிலில் பாதிரி ஐயர் எழுந்து, வயலட் டீச்சர் பேசத் தொடங்கிவிட்டார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சாட்சி சொன்னார். அதற்கப்புறம் வந்தவர் போனவருக்கெல்லாம் காப்பிக்குப் பிறகு இது ஒரு பலகாரம். டீச்சர், ஒருக்கா சொல்லுங்க டீச்சர். ட்ரிங்க் என்று ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள். ட்ரேங்க், ட்ரங்க் என்று வாய் முடித்துவைக்கும். கைதட்டுவார்கள். அவள் உள்ளே, வெகு உள்ளே, அந்தக் கைதட்டலைக் கேட்டபடி நிற்பாள். தன் வீட்டுக் கல்யாணத்தைத் தெருவில் நின்று பார்ப்பவள் போல.

பிழையே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு சொல்கூடத் தப்புவதில்லை. உயிரோடிருந்த காலத்தில், சே, இது என்ன நினைப்பு, வாய் இருந்த காலத்தில்கூட லை, லே, லெய்ன் வரும்போது ஒரு கணம் தயங்குவாள். இப்போது தயக்கம் கிடையாது. எட்டாம் வகுப்பில் பிழைகள் எவ்வளவு அழகாக வரும். டீச்சர், ஐ ப்ரிங்டு லஞ்ச். டீச்சர், ஷீ ஹிட்டட் மீ. டீச்சர், ஐ டீச்சுடு மை தம்பி. சிவப்பு மையால் அதையெல்லாம் அடித்துத் திருத்தினாள். அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு இருந்தது, அடி விழுந்திருந்தது, வீட்டில் ஒரு தம்பி இருந்தான். சொல்ல ஒன்று இருந்ததால் தேடினார்கள், தேடியதால் தவறினார்கள். கணவருக்கோ வேண்டுமென்றே தவற வேண்டும். ராத்திரி கை கழுவிவிட்டு வந்து வயிற்றைத் தடவிக்கொண்டு, டீச்சரம்மா, ஐ ஈட்டட் வெல் என்பார். எய்ட் என்பாள் இவள், தையலிலிருந்து தலை நிமிராமலே. மறுநாள் ஐ கோட் டு பேங்க். வென்ட். ஐ ஸ்லீப்பட். ஸ்லெப்ட். பாதித் தூக்கத்தில்கூட அவள் திருத்துவாள், அவர் போர்வைக்குள் சிரிப்பை அடக்குவது கட்டிலில் தெரியும். இப்போது ஒரு பிழை வேண்டும். ஒரே ஒரு ஈட்டட். அது வந்துவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்துவிடும். தனியாக இருக்கும்போது முயன்று பார்த்திருக்கிறாள். ஈட் என்று தொடங்கி ஈட்டட் என்று முடிக்க நாக்கை இழுத்துப் பிடித்தாள். அது வழுக்கிக்கொண்டு போய் எய்ட், ஈட்டன் என்று சுத்தமாக முடித்துவிட்டு, சமர்த்துப் பிள்ளை போல நின்றது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். முப்புடாதி வந்து பார்த்துவிட்டு, வலிக்குதா டீச்சர் என்று கேட்டாள். இல்லை என்று சொல்லத் தலையசைத்தாள்; தலை, மேலும் கீழுமாக, ஆமாம் என்றது. காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள் பாவம், வெகுநேரம். தலையையும் நம்ப முடியாது. ஆமாமும் இல்லையும் உள்ளேயிருந்து கிளம்பும்போது சரியாகத்தான் கிளம்புகின்றன, கழுத்தருகில் வந்து சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்கின்றன.

கேஸ் கசிந்த சமாசாரமும் அப்படித்தான். அதை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. முப்புடாதி பின்வாசலில் மீன்காரியிடம் பேரம். அந்த வாடை மெல்ல வந்து, முதலில் அழுகிய வெங்காயம் மாதிரி, பிறகு அறை முழுக்க. முப்புடாதி என்று கூப்பிட வேண்டும். இரண்டே இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடும் கேஸ் என்ற சொல், அதுகூட வேண்டாம், ஏ என்று ஒரு சத்தம் போதும். வாயைத் திறந்தாள். ஷேக், ஷுக், ஷேக்கன் என்றது வாய். அவள் பயந்தாள், பயம் குரலை உயர்த்தியது. ஸிங், ஸேங், ஸங். முப்புடாதி பின்வாசலிலிருந்து மீன்காரியிடம் பெருமையாகச் சொன்னது இங்கே கேட்டது. "பாத்தியா, எங்க டீச்சர் இன்னைக்கு எம்புட்டு சத்தமாப் படிக்காவ." டீச்சர் இன்னும் கத்தினாள், ஸிங்க், ஸேங்க், ஸங்க், கண்ணில் நீர் வழிய, நாற்காலிக் கையை இடது கையால் அடித்து. மீன்காரிக்குத்தான் மூக்கு வேலை செய்தது. எல்லாம் சரியாகி, ஜன்னலெல்லாம் திறந்து, முப்புடாதி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுது, அதோடு விட்டிருக்கலாம்; வெகுளி, அன்று இரவே ஜெயசிங்கிடமும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். அதிலிருந்துதான் இந்தச் சனிக்கிழமை. அவனைக் குறை சொல்ல முடியுமா. நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலக்கணம் ஒப்பிக்கும் ஒருத்தியை எந்த மகன் தனியாக விட்டுவைப்பான்.

"டீச்சர், பயப்படாதீங்க" என்றாள் நஸீமா. போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துப் பார்த்து, சரிவராமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. மெதுவா. எனக்கு இங்க இருக்கணும், அவ்வளவுதான். இருக்கணும். இ. என் வாயைப் பாருங்க." அவள் வாயைப் பார்த்தாள். அழகான, கீழ்வரிசைப் பல் ஒன்று திரும்பிய வாய். இருக்கணும். அந்தச் சொல் உள்ளே எழுந்து, சோம்பல் முறித்து, புறப்பட்டது. அவள் அதன் கூடவே நடந்தாள், கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சாலையைக் கடத்திவிடுபவள் போல, இன்னும் கொஞ்ச தூரம்தான், இதோ உதடு. "பிகின்" என்றது வாய். நஸீமா கண்ணை மூடித் திறந்தாள். ஒரு கணம்தான், ஆனால் டீச்சர் பார்த்துவிட்டாள். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் கண்ணும் எத்தனை முறை அப்படி மூடித் திறந்திருக்கும். போன் அடித்தது.

ஜெயசிங் அலுவலகத்தில் எங்கோ ஒரு தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முகம் அப்படியே அவன் அப்பாவின் முகம், சிரிப்பு மட்டும் இல்லை. "யெம்மா, சாப்பிட்டியளா?" சாப்பிட்டேன்டா, இட்லி, உப்பு கம்மி. வாய் இறுகக் கிடந்தது. முப்புடாதி இட்லி மூணு என்று பதில் சொன்னாள். வெளியில் மழை வலுத்தது, நஸீமா போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள், முப்புடாதி நழுவிய தலையணையைக் கையில் எடுத்துக்கொண்டு தோளருகில் நின்றாள். "யெம்மா, நான் உங்கள வற்புறுத்தல. அன்னைக்கு மாதிரி ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது, அதான். உங்களுக்கு என்ன வேணும்? நீங்களா சொல்லுங்க." அவன் குரல் கடைசியில் உடைந்தது. உடைந்ததை மறைக்க இருமினான். என்ன வேணும். என்ன வேணும். அந்தக் கேள்வியே ஒரு சுத்தியல் போல உள்ளே விழ, வாய் திறந்துகொண்டது, திறந்ததும் ஓடத் தொடங்கியது. பிகின், பிகேன், பிகன். ப்ரேக், ப்ரோக், ப்ரோக்கன். "அதில்லம்மா." ப்ரிங், ப்ராட், ப்ராட். "யெம்மா, அது வேண்டாம். சிஸ்டர், நிறுத்தச் சொல்லுங்க." நஸீமா முழங்கையைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். கம், கேம், கம். பிரேக் இல்லாத வண்டி சரிவில் போவது போல அது போய்க்கொண்டிருந்தது, அவள் அதற்குள் அமர்ந்து, ஊர்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபால், ஃபெல், ஃபாலன். கிவ், கேவ், கிவன். இந்த வண்டியை ஓட்ட அவளால் முடியாது. நிறுத்தவும் முடியாது. ஆனால் இது எங்கெங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், அவள் வைத்த வழிதானே. அப்படியானால் இறங்கலாம். வேண்டிய இடம் வரும்போது குதித்துவிடலாம். எந்த இடம்? ஸ்டே இதில் இல்லை, ரிமெய்ன் இல்லை, ஹோம் வினைச்சொல்லே இல்லை. கீப், கெப்ட், கெப்ட் கடந்து போயிற்று, நினைத்து முடிப்பதற்குள். லீவ். ஐயோ, அது வேண்டவே வேண்டாம். லெட், லெட், லெட். விடு என்று சொல்லியிருக்கலாமே, அதுவும் போய்விட்டது. மெல்ல, மெல்ல. ரன், ரேன், ரன். திரையில் மகன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நஸீமா கையில் போனோடு குனிந்து நிற்கிறாள். தலையணையோடு முப்புடாதி நிற்கிறாள். ஏன் எல்லாரும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்? பங்குனியிலிருந்து எல்லாரும் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள், அவள் தலைக்கு மேலே, எந்த நிமிஷமும் தூக்கிக்கொண்டு போகத் தயாராக வந்தவர்களைப் போல, பிணம் கிடக்கும் வீட்டில் சாவுவண்டி வரும்வரை நிற்பார்களே அதைப் போல. ஒருவராவது எதிரே உட்கார்ந்து, அவள் கண் உயரத்துக்கு வந்து, அவசரமில்லாமல் இருந்திருந்தால். ஸீ, ஸா, ஸீன். ஷேக், ஷுக், ஷேக்கன். வருகிறது, அந்த இடம் வருகிறது. ஸிங், ஸேங், ஸங். இடது கையால் நாற்காலியை இறுக்கினாள். ஸிங்க், ஸேங்க், ஸங்க்.

"ஸிட்."

பல்லைக் கடித்தாள். அடுத்தது வந்து பல்லில் மோதியது, ஸாட், அதன் முதுகில் இன்னொரு ஸாட். உதட்டை மடித்து அதன்மேல் பல்லை வைத்து அழுத்தினாள். நஸீமா பழக்கத்தில், ஓசையின்றி, ஸாட் என்று வாயசைத்து எடுத்துக்கொடுத்தாள். "ஸாட்" என்றான் ஜெயசிங்கும் திரையிலிருந்து, சின்ன வயதில் இதே வீட்டில் இதே வரிசையைக் கேட்டு வளர்ந்தவன், தன்னை அறியாமல். பிறகு முகம் தளர்ந்து, "அதுவும் மறந்துட்டுதா சிஸ்டர்? இவ்வளவு நாளும் அது ஒண்ணாவது இருந்துச்சே" என்றான். இல்லையடா. மூச்சு மூக்கில் சீறியது. கன்னத்து வலப்பக்கம் செத்துக் கிடந்தது, இடப்பக்கம் நடுங்கியது. அவள் தலையைத் திருப்பி, தோளருகில் நின்ற முப்புடாதியை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஸாட் முந்திக்கொள்ளும். அதற்கு இடம் கொடுக்காமல், ஊசிக் காதில் நூலை நுழைப்பது போல, அந்த ஒன்றை மட்டும், ஒன்றை மட்டும்.

"ஸிட்" என்றாள். மறுபடி பல்லை மூடினாள்.

முப்புடாதி விழித்தாள். "என்னையா டீச்சர்?" என்றாள். இந்த வீட்டில் அவள் வேலைக்கு வந்து எத்தனையோ காலம், டீச்சர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நஸீமாவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, கூச்சத்தோடு, ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் முகம் டீச்சரின் முகத்துக்கு நேராக வந்தது. இவள் கண் இத்தனை பழுப்பா என்று டீச்சர் வியந்தாள். டீச்சரின் பார்வை மெல்ல நகர்ந்து நஸீமாவின் மேல் போய் நின்றது. நஸீமா அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நொடி தேடினாள். சட்டென்று கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். போன் அவள் மடிக்கு இறங்கியதில் திரையில் ஜெயசிங் கூரையைப் பார்ப்பது போலத் தெரிந்தது. "என்ன, என்ன ஆச்சு அங்க?" என்று கேட்டான். நஸீமா போனை நிமிர்த்தினாள். அவள் குரல் மாறியிருந்தது. "அண்ணே, டீச்சர் எங்கள உக்காரச் சொல்லுதாங்க. நாங்க உக்காந்துட்டோம்."

ஜெயசிங்கின் பின்னால் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். திரை ஆடியது, ஒரு சுவர், ஒரு கதவு, ஒரு செடி, கடைசியில் எங்கோ படிக்கட்டில் அவன் முகம் தாழ்ந்து வந்து நின்றது. "நானும் உக்காந்துட்டேம்மா" என்றான். மூக்கை உறிஞ்சினான். "சனிக்கிழமை வாரேன். உங்க டிக்கெட்ட இப்போ போடல. வந்து, பாத்து, பேசிக்குவோம். அதுக்கு மேல இப்போ எனக்கு சொல்லத் தெரியல." அதற்கு மேல் அவளும் எதிர்பார்க்கவில்லை. சரி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. தலையசைக்கப் பயந்து அசையாமல் இருந்தாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவசரமில்லாமல், அடுத்து என்ன சொல்வாள் என்று. பல்லுக்குப் பின்னால் ஸாட் இன்னும் நின்று முட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதை விட்டுவிட்டால் போதும், எல்லாம் பழைய பாடமாகிவிடும். உதட்டில் உப்புக் கரித்தது, ரத்தமாக இருக்கலாம். அவள் கதவைத் தோளால் சாத்திக்கொண்டு நிற்பவளைப் போல, அதை உள்ளேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.